எட்டுப் பேர் ஏறிய படகு

என் மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மலைமேல் ஏரி பார்க்க வந்து மூன்று நாளாகியும் நாங்கள் ஏரியைப் பார்க்காததற்கு மழை பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அதுதான்.

ஏரி ஒன்றும் தூரத்தில் இல்லை. லாட்ஜ் வாசலிலிருந்து சரிவில் இறங்கினால் நடந்தே ஐந்து நிமிடம். ஏரியைப் பார்த்த அறைகள் என்று சொல்லித்தான் மூன்று அறைகளைக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் வெள்ளையாக ஏதோ தெரியும். அது ஏரியா, மேகமா, எதிர் லாட்ஜின் பின்சுவரா என்று எங்களுக்குள் மூன்று நாளும் கருத்து வேறுபாடு இருந்தது.

விடாமல் பெய்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அப்படிப் பெய்யவில்லை. இரண்டு மணி நேரம் கொட்டும், இருபது நிமிடம் நிற்கும். அந்த இருபது நிமிடத்தில் மற்ற அறைக்காரர்கள் குடையும் செருப்புமாக ஓடிப் போய், படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, படியில் காலைத் தட்டிக்கொண்டே, "நீங்க போகலையா?" என்று கேட்பார்கள். நாங்கள் போகவில்லை. நாங்கள் ஆள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் எட்டுப் பேர், ஆளுக்கு ஓர் எண். குடும்பத்தில் சேர்ந்த வரிசைப்படி எண். மாமா ஒன்று, அத்தை இரண்டு, என் கணவரின் அண்ணன் மூன்று, என் கணவர் நான்கு. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அக்கா ஐந்து. அவர்கள் மகள் ஆறு. அவளுக்குப் பதினைந்து வயது, நடை உடை எல்லாம் அதிகாரி மாதிரி இருப்பதால் வீட்டில் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவள் பிறந்துவிட்டதால் மேடம் எனக்கு சீனியர். நான் ஏழு. என் மகள் பட்டாணிக்கு ஒன்பது வயது, எட்டாம் எண்.

எங்கே கிளம்பினாலும் மாமா வாசலில் நின்று, "ம்" என்பார். அதுவே அவருக்கு ஒன்று. அவரவர் எண்ணை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். எட்டும் வந்தால் சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதுவார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். இரண்டு விசில் கேட்காமல் எங்கள் வீட்டில் எவரும் வாசலைத் தாண்டியது கிடையாது.

இதற்கெல்லாம் காரணம் என் கணவர். அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது மாமா தன்னுடைய பஸ்ஸிலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வழியில் வண்டி நின்றது. பையன் இறங்கி எங்கேயோ வேடிக்கை பார்க்கப் போய்விட்டான். மாமா தலையை எண்ணினார். நாற்பத்திரண்டு. கணக்கு சரியாக இருந்தது, ஏனென்றால் அங்கே புதிதாக ஒருவர் ஏறியிருந்தார். விசில் அடித்து வண்டியை எடுத்துவிட்டார். என் கணவர் ஒரு சைக்கிள் கடை வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் அழுதிருக்கிறார். வேலையில் ஒரு பயணியைக்கூடத் தவறவிடாத மனிதர் சொந்தப் பிள்ளையைத் தவறவிட்டார். அன்றிலிருந்து தலையை எண்ணுவதில்லை, ஆளே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கூடவே இன்னொரு விதி. தப்பித் தவறி யாராவது விடுபட்டுப் போனால், நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. மற்றவர்கள் தேடி வருவார்கள்.

நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவது என்பது இருக்கிறதே! மழை நிற்கும். மாமா "ம்" என்பார். மூன்றாம் எண் ஷேவ் செய்துகொண்டிருப்பார். அவர் முடித்து வரும்போது ஐந்தாம் எண்ணுக்குக் காலுறையில் ஒன்று கிடைக்காது. அது கிடைக்கும்போது அத்தை, "இதோ வந்துட்டேன்" என்று குளியலறைக்குள் போவார். அத்தையின் "இதோ" கால் மணி நேரம். அவர் வெளியே வந்து இரண்டு என்று சொல்லும்போது கூரையில் சடசடவென்று சத்தம் கேட்கும். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போவோம். மூன்று நாளில் இது ஒன்பது முறை நடந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது.

எரிச்சலுக்குக் காரணம் ஏரி மட்டுமல்ல. என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.

நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல் கட்டுவது என் தொழில். பன்னிரண்டு வருட அனுபவம். மாமாவின் பல் செட்கூட என் கைவேலைதான். பல் போட்ட புதிதில் விசில் வாயில் நிற்காமல் நழுவுகிறது என்று மனிதர் ஒரு வாரம் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு இருந்தார். மேல்வரிசை முன்பல்லில் விசில் உட்காருவதற்கு மெல்லியதாக ஒரு பள்ளம் ராவிக் கொடுத்தேன். பிறகுதான் சிரித்தார்.

இப்போது பெரிய பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. முகத்தில் அடிபட்டவர்களுக்குத் தாடை, அண்ணம் எல்லாம் செய்யும் வேலை. பத்து மணி நேர ரயில் பயணம் போக வேண்டிய ஊர். விண்ணப்பம் போட்டது என் கணவருக்குத் தெரியும். "போட்டுப் பாரு" என்றார், கிடைக்காது என்ற தைரியத்தில். கிடைத்துவிட்டது. பயணம் கிளம்பும் நாளன்றுதான் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போனில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். "எல்லாரும் இருக்கும்போது பேசலாம்." ஃப்ரிட்ஜ் வாங்கியதும் அப்படித்தான், பட்டாணியைப் பள்ளியில் சேர்த்ததும் அப்படித்தான். எட்டுப் பேரும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்து பேசாமல் எங்கள் வீட்டில் எதுவும் முடிவாகாது. சரி, எட்டுப் பேரும் விடுமுறைக்குத்தானே போகிறோம், அங்கே பேசிவிடலாம் என்று நம்பி வந்தேன். வந்து பார்த்தால் சாப்பாட்டு அறையில் எல்லாம் நான்கு பேர் மேஜை. அறைகளில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள்தான் நிற்கலாம். ஒருவர் தூங்கினால் ஒருவர் டீ குடிக்கப் போவார். ஆளைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் உயிர் போய்விடும்.

வரவேற்பறைச் சுவரில் படகின் படம் மாட்டியிருந்தது. எதிரெதிராக இரண்டு வரிசை, எட்டு இருக்கை. நடு ஏரிக்குப் போய்விட்டால் யாரும் எழுந்து போக முடியாது, குளியலறை கிடையாது, "இதோ" கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. படகில் ஏற வேண்டும், சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. காலை பத்து மணி வரை கொட்டித் தீர்த்தது. நான் எட்டுப் பேரின் துவைத்துக் காயாத காலுறைகளையும் எங்கள் அறை ஹீட்டர் மேல் பரப்பி, திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் அந்த வேலை என் தலையில்தான் விழுந்தது. ஆள் எண்ணும்போதெல்லாம் நான் மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்ததால், முதல் நாளே மேடத்திடம் சொல்லி வைத்திருந்தேன்.

"எனக்கும் சேர்த்து நீயே சொல்லிடு. நான் இங்கதானே இருக்கேன், எங்க போயிடப் போறேன்?"

மேடம் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி சித்தி" என்றாள். அதிலிருந்து ஆறு என்றதும் ஒரே மூச்சில் ஏழும் வந்துவிடும். விதியை மீறியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பத்தே முக்காலுக்கு மழை நின்றது. வெள்ளை விலகி, ஜன்னலில் முதல் முறையாக நிஜமான தண்ணீர் தெரிந்தது. அதிசயத்திலும் அதிசயமாக எல்லோரும் தயாராக இருந்தார்கள். ஷேவ் முடிந்திருந்தது, அத்தை ஏற்கெனவே போய்விட்டு வந்திருந்தார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரவேற்பறைக்கு இறங்கினேன். அப்பாடா என்று இருந்தது.

"அடடா, என் மஃப்ளர்!" என்றார் அத்தை. "மாடியில வெச்சுட்டேன்மா. நீ ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்துடேன். நீதான் சட்டுனு போவ."

ஓடினேன். மஃப்ளர் தலையணைக்கு அடியில் இருந்தது. திரும்பும்போது எங்கள் அறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஹீட்டரை அணைக்க மறந்திருக்கிறேன். மாமாவின் காலுறை ஒன்று பழுப்பேறிவிட்டது. அணைத்து, காலுறைகளை அள்ளி நாற்காலியில் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கீழே வந்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்தான் இருக்கும்.

வரவேற்பறை காலியாக இருந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த லாட்ஜ் மேனேஜர் என்னைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்க போகலையா? எட்டுப் பேரும் வந்தாச்சுன்னு பெரியவர் விசில் அடிச்சாரே!"

மேடம் சொல்லியிருப்பாள். பழக்கதோஷத்தில் ஆறு, ஏழு என்றிருப்பாள். பட்டாணி எட்டு என்று கத்தியிருப்பாள். கணக்கு சரி. ரைட், போகலாம்! வாசலைத் தாண்டும்போது ஒருவராவது திரும்பிப் பார்க்க வேண்டாமா? மூன்று நாளாக ஒரு ஆள் குறைந்தது என்று ஏரிப் பக்கமே போகாத குடும்பம், என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதுவும் மழை நின்ற முதல் ஐந்தே நிமிடத்தில்!

சரிவில் வழுக்கிக்கொண்டே ஓடினேன். படகுத்துறையில் நீலச் சட்டை போட்ட காவலர் ஒருவர் கை மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஏரி பெரியது அல்ல. கரையிலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு எதிரெதிராக உட்கார்ந்திருந்தது என் குடும்பம். பட்டாணி தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா எல்லோரையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அங்கே அவள் தன் பையை வைத்திருந்தாள்.

"அந்தப் படகுல எத்தனை பேர் போனாங்க?" என்று காவலரிடம் கேட்டேன்.

"எட்டுப் பேருங்க. எட்டு ஜாக்கெட் குடுத்தேன். அப்புறம் அந்தப் பெரியவர் ஒண்ணத் திருப்பிக் குடுத்துட்டாரு. ‘ஒண்ணு கூடப் போட்டுட்டீங்க, தம்பி. பொருள் கணக்குல கவனமா இருக்கணும்’னு எனக்கே புத்தி சொல்லிட்டுப் போனாரு."

அந்த ஜாக்கெட் அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் கிடந்தது. என் ஜாக்கெட். ஒன்று மிச்சமானால் ஒரு ஆள் குறைகிறது என்று உலகத்தில் யாருக்கும் தோன்றும். எங்கள் மாமாவுக்கு மட்டும்தான் துறைக்காரர் தப்பாக எண்ணிவிட்டார் என்று தோன்றும். நாற்பத்திரண்டு என்று வண்டியை எடுத்தாரே, அதே கதை. கணக்கு சரியாக இருந்தால் போதும், ஆள் யாராக இருந்தால் என்ன!

மணி பதினொன்றேகால். ஐந்து மணிக்குள் இவர்களை மறுபடி ஓரிடத்தில் உட்கார வைக்க என்னால் முடியாது. எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"அந்த மைக்கைக் கொஞ்சம் குடுங்க" என்றேன். அவர் தயங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

"ஏங்க!"

என் குரல் ஏரி முழுக்கப் பரவி எதிர்க் கரையில் இடித்துத் திரும்பியது. படகில் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலி இருக்கையைப் பார்த்தார்கள். மேடம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, மஃப்ளர் எடுத்துட்டு வந்துட்டா!" என்றார் அத்தை.

என் கணவர் சட்டென்று எழுந்து நின்றார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "உக்காருங்க சார்!" என்று படகுக்காரர் அலறினார். இவர் உட்காரவில்லை. முகம் வெளுத்திருந்தது. "நீ அங்கயே இரு! நகராத! நாங்க வந்துர்றோம்!"

"யாரும் வர வேணாம்!" என்றேன். "அப்படியே உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. நான் பேசணும்."

அவர் உட்கார்ந்தார்.

"எனக்கு அந்தக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. ஒரு வருஷம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். இதச் சொல்றதுக்காக மூணு நாளா உங்க பின்னாடி சுத்தறேன். ஒருத்தர் ஷேவ் பண்றீங்க, ஒருத்தர் தூங்கறீங்க, ஒருத்தர் சாக்ஸத் தேடறீங்க. நான் போறேன்னு சொல்லப் போறேன். எனக்குப் போகணும்!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. மைக் அதையும் பெரிதாக்கிக் காட்டியது.

"இதெல்லாம் எல்லாரும் இருக்கும்போது பேசலாம்!" என்று கத்தினார் என் கணவர்.

"எல்லாரும்தான் இருக்கீங்க! என்னைத் தவிர!"

காவலர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். படகில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வருஷமா என்றார் அண்ணன். குழந்தையை யார் பார்ப்பது என்றார் அத்தை. "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் அக்கா, அத்தையைப் பார்த்து. அக்காவை அந்த நிமிடம் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, என் இருக்கையில் பையை வைத்திருந்ததை மன்னித்து. மேடம், "சாரி சித்தி, சாரி சித்தி" என்று தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

பட்டாணி மட்டும் தண்ணீரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளிடம் நான் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன்பே.

"பட்டாணி, மாசாமாசம் அம்மா வருவேன்."

"எத்தனை நாள்?"

"ரெண்டு நாள். லீவுல பத்து நாள்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். தாத்தாவின் பேத்தி.

என் கணவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. கோபம் இறங்கிவிட்டது. நான் விட்டுவிட்டுப் போகப்போவது அவரைத்தான். ஆனாலும் எனக்குப் போக வேண்டும். இரண்டும் உண்மைதான். அதில் ஒன்றை மறைத்துப் பேச எனக்குத் தெரியவில்லை.

அவர் நிமிர்ந்தார். "திரும்பி வந்துருவ இல்ல?" சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

"வருவேன். நகராம இருங்க" என்றேன்.

அப்போது ஒற்றை விசில் கேட்டது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். படகுக்காரரும் துடுப்பை நிறுத்திவிட்டார். மாமா விசிலைக் கையில் எடுத்து, என் பக்கம் பார்க்காமல், "ம்" என்றார்.

"இப்ப எதுக்குங்க..." என்று தொடங்கினார் அத்தை.

"ம்!"

"ரெண்டு" என்றார் அத்தை. மூன்று. நான்கு, கொஞ்சம் தாமதமாக. ஐந்து.

"ஆறு... ஏ..." என்று தொடங்கினாள் மேடம்.

"நீ உன்னோடத மட்டும் சொல்லு" என்றார் மாமா.

அவர் தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தார். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது. ஒரு கையில் மஃப்ளர், ஒரு கையில் மைக், காலில் சேறு. நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"ஏழு."

"எட்டு" என்றாள் பட்டாணி, வழக்கத்தைவிட மெதுவாக.

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். விசிலை அந்தப் பள்ளத்தில் பொருத்திப் பல்லால் பிடித்தார். என்னைப் பார்த்து இரண்டு முறை ஊதினார்.

படகுக்காரர் எந்தப் பக்கம் துடுப்புப் போடுவது என்று புரியாமல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த விசில் அவருக்கானது அல்ல என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மழை வலுத்தது. நான் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.